நாலு இலக்கமும் ஒரு முட்டையும்

ஜன்னத்துல் பிர்தௌஸ் வாயில்லாப் பூச்சி என்று சங்கரன்கோவிலில் அவள் மாமியார் வீட்டார் நம்பிக்கொண்டிருந்தார்கள். பாவம், நம்பிவிட்டுப் போகட்டும்.

எண்பத்துமூன்றில் அவள் மாப்பிள்ளை சேக் மைதீன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது, கலர் டிவியோடு ஒரு வீடியோ கேம் பெட்டியையும் கொண்டுவந்தார். மேலிருந்து பறக்கும் தட்டுகள் குண்டு போட்டபடி இறங்கும், கீழிருந்து நாம் சுட வேண்டும். தட்டுக்குப் பத்து பாயிண்ட். அவர் கடைத்தெருவுக்குக் கிளம்பியதும் ஜன்னத் உலையை ஏற்றிவிட்டுப் பெட்டிமுன் உட்கார்ந்துவிடுவாள். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிப் பழகிய விரல்கள் சும்மா இருக்குமா? சீக்கிரமே அவரைத் தாண்டிவிட்டாள்.

ஒருநாள் ஸ்கோர் 9990. இன்னொரு தட்டைச் சுட்டாள். எண் சைபருக்குப் போய்விட்டது. திகைத்துப்போய்க் கையை எடுத்ததில் ஆட்டமும் முடிந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா சேக் மைதீன் உள்ளே வர வேண்டும்? பத்தாயிரம் எடுத்தேன் என்று அவள் சொல்ல, அவர் திரையில் நின்ற சைபரைக் காட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சுவிட்சை அணைத்தார். அணைத்தால் அந்தப் பெட்டிக்கு எதுவும் ஞாபகமிருக்காது. இருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

அன்றிலிருந்து அவளை 'முட்டை' என்றுதான் கூப்பிட்டார், சொந்தக்காரர்கள் முன்னாலும். கேலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொய்க்காரி ஆனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டாளிகள் வருவதாக இருந்தது. காலையில் ஜன்னத் தானாகவே போய், இடது ஓரத்தில் ஒண்டிக்கொண்டால் குண்டு படாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர் ஏதோ தனக்கு முன்பே தெரிந்த மாதிரி தலையாட்டினார்.

அன்று ஓரத்தில் ஒண்டியபடியே ஒன்பதாயிரத்தைத் தாண்டினார். கூட்டாளிகள் அசையவில்லை. 9990 வந்ததும் உள்கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"மச்சான், இத்தோட நிறுத்திக்கிடுங்க."

பொறாமை என்று கூட்டாளிகளிடம் கண்ணடித்துவிட்டுச் சுட்டார். சைபர்.

மெஷின் கெட்டுவிட்டது என்று குதித்தார். கூட்டாளிகளில் ஒருவரான ரேடியோ கடை சங்கரசுப்பு அவரைக் கையமர்த்தினார்.

"கெடல வே. மெமரி வெல கூடுன சாமான். தட்டு, குண்டுன்னு எல்லாத்தையும் அதுக்குள்ளதான் அடைக்கணும். அதான் ஸ்கோருக்கு நாலு எலக்கத்துக்கு மட்டும் எடம் விட்டிருக்கான். பத்தாயிரம் எடுத்தா முட்டைதான்."

சேக் மைதீன் மெதுவாகத் திரும்பினார். திரையை விலக்கிக்கொண்டு ஒரு தட்டு மட்டும் நீண்டது. அதில் உரித்து மிளகுப்பொடி தூவிய ஒற்றை அவித்த முட்டை. தொட்டுப் பார்த்தார். ஆறிப்போயிருந்தது. காலையிலேயே அவித்து வைத்திருக்கிறாள்.