பதில் எழுதுவது யார்?

கலஹாவிலிருந்து பேராதனை போகும் பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் ஒருவர் உட்காருவார். மெலிந்த ஆள். வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். போனில் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி, "சாப்பிட்டியா தம்பி?" என்று அனுப்புவார்.

"மகனுக்குங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

என் பிள்ளைகளே, அவர் சொன்னது இது: போனில் பழகிய யாரோ ஒருவன் அண்ணன் மாதிரிப் பேசி, அவருடைய மகனைக் குண்டு வைக்கிற கூட்டத்தில் சேர்த்துவிட்டானாம். பையன் வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம்.

"பதில் வருதுங்களா?"

"வருதுங்க. ஆனா எழுதுறது அவன் இல்ல. நேத்து, 'தங்கச்சி நம்பர அனுப்புங்கப்பா'ன்னு வந்திச்சு. எனக்கு அவன் ஒரே பிள்ளைதாங்க."

"பொலிஸ்ல சொன்னீங்களா?"

"காட்டிட்டேங்க."

"அப்புறமும் ஏன் எழுதுறீங்க?"

"என்னைக்காவது அந்தப் போன் அவன் கையில கிடைக்கும்ல. அப்பா கேட்டுக்கிட்டே இருந்தாருன்னு தெரியட்டும்."

பேராதனையில் இறங்கும்போது அவர் போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. எடுத்துப் பார்க்காமலே நடந்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து உங்களிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். போனிலிருந்து தலையைத் தூக்காமலே "ம்" என்றீர்கள். வழக்கமாக ஏசுவேன். அன்றைக்கு அந்த "ம்" எனக்குப் போதுமாக இருந்தது.