சிரிக்கும் மீன்காரர்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் உள்ள மீன் கடையைப் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு தகவல் புத்தகம் எழுதினேன். மீன்களின் பெயர், செதில், செவுள் என எல்லாவற்றையும் சரிபார்த்தேன். மீன்காரரிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று, பக்கத்துக்குப் பக்கம் அவரைச் சிரிக்க வைத்திருந்தேன்.

செங்காங்கில் ஒரு நிகழ்ச்சியில் அதை வாசித்து முடித்ததும் ஒரு சிறுமி எழுந்தாள். அவள் அப்பாவும் தேக்காவில் மீன் விற்பவராம்.

“ஆன்ட்டி, ஐஸ்ல கை வச்சு வச்சு அப்பாவுக்கு விரல் மடங்காது. நான்தான் சட்டை பட்டன் போட்டு விடுவேன். அது ஏன் புக்ல இல்ல?”

“எனக்குத் தெரியாதும்மா.”

“கேட்டிருக்கலாம் லா.”

புத்தகம் அச்சாகிவிட்டதே, என்ன செய்வேன்? அவளுடைய பிரதியில் மட்டும் அவள் சொன்னதைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். மற்ற பிரதிகளில் மீன்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.