ஒற்றை மணி

நான்கு ஒயர். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட நீலமும் வெள்ளையும் பேச்சுக்கு. பெங்களூரில் பெரிய ஆபீஸ்களின் பொய்க்கூரைக்குள் தவழ்ந்து தினமும் இதைத்தான் செருகுகிறேன், ஒரு தடவைகூட நின்று யோசித்ததில்லை. ஆண்டர்சன்பேட்டையில், என் சொந்த வீட்டின் பின்னறையில், அந்த ஞாயிற்றுக்கிழமை நின்று யோசித்தேன்.

இந்த ஒயர்களைச் செருகும் பெட்டி உள்ளங்கையில் அடங்கும். சுவிட்சை எத்தனை தடவை அமுக்கினார்கள் என்று எண்ணி, கேபிள் வழியாக அடுத்த பெட்டிக்குச் சொல்லும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. அப்பாவின் கட்டிலில் சுவிட்ச். தெருப்பக்க அறையில், மனைவியின் தையல் மெஷினுக்கு மேலே மணியும் விளக்கும். அப்பா மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில், குழிக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்கு மணி அடித்தவர். அந்தக் குழியின் தூசி இன்னும் அவர் நெஞ்சுக்குள்தான் குடியிருக்கிறது. மூச்சு முட்டினால் குரல் வராது. வந்தாலும் மெஷினின் மோட்டார் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது. திங்கள் விடிந்தால் நான் ரயிலில் இருப்பேன்.

கரண்ட் ஒயர் பேச்சு ஒயரின் துளைக்குள் போய்விட்டால் பெட்டி செத்துவிடும். மாற்றுப் பெட்டி இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன். திருகை இறுக்கினேன். ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தேன், மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

"இன்னாங்க, பல்லா புடுங்கறீங்க?" என்றாள் மனைவி.

கரண்ட் கொடுத்ததும் பச்சைப் புள்ளி எரிந்தது. ஒரு தடவை அமுக்கினால் தண்ணீர். இரண்டு என்றால் எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டும். மூன்று என்றால் மூச்சு. ஓடி வர வேண்டும். அவசரம் கூடக்கூட மணியும் கூடும் என்பது என் கணக்கு. அப்பாவிடம் சொன்னேன். கூரையைப் பார்த்தபடியே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன்.

மதியம் வாசற்படியில் உட்கார்ந்து மிச்சக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மணி ஒரு தடவை அடித்தது. வேலை செய்கிறது! எனக்குச் சிரிப்புகூட வந்தது. மனைவி பிளவுஸின் ஓரத்தைத் தைத்து முடித்து, நூலைக் கத்தரித்து, சொம்பில் தண்ணீர் மோந்துகொண்டு உள்ளே போனாள்.

சொம்பு விழுந்த சத்தம் கேட்டது.

அப்பா கட்டிலின் விளிம்பில் குனிந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. நிமிர்த்திப் பிடித்து, மூச்சு மருந்தை வாயில் வைத்து அழுத்தினேன். இன்னொரு தடவை. மெல்ல, ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு மூச்சு வந்தது. பின்னால் இன்னொன்று.

பேச வந்ததும் முதலில் திட்டினார்.

"ஒத்த மணி அடிச்சா அல்லாம் நிக்கணும்டா. கேஜ் அப்பிடியே நிக்கும். இவ இன்னாடான்னா சொம்பத் தேடினுகீறா."

"மூணு அடிக்கணும்னு உங்க புள்ள தான மாமா சொன்னாரு?"

"மூணுன்னா ஆள் ஏறப்போறான்னு அர்த்தம்மா. இப்பவே என்னிய எங்க ஏத்தப் பாக்கறீங்க?"

அவள் சிரித்துவிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சு அடைக்கும் நேரத்தில் விரல் என் கணக்கையா நினைக்கும்? பாதி ஆயுள் அடித்த மணியைத்தான் அடிக்கும்.

சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து எல்லாவற்றையும் மாற்றினேன். தண்ணீருக்கு இரண்டு. கை கொடுக்க நான்கு. மூன்றை யாரும் தொட வேண்டாம் என்று காலியாக விட்டேன். ஒன்று அடித்தால் சிவப்பு விளக்கு. கூடவே ஒரு ரிலே தையல் மெஷினின் கரண்டையும் வெட்டிவிடும். கரண்ட் போனாலும் பெட்டியும் மணியும் உயிரோடிருக்க ஒரு பேட்டரி. அப்பா அமுக்கினார். மோட்டார் பாதித் தையலில் நின்றது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

திங்கள் மாலை பெங்களூரில், வீடு திரும்பும் ரயிலுக்கு நிற்கும்போது மனைவி போன் செய்தாள். அவள் பெயரைத் திரையில் பார்த்ததுமே, முதல் மணி முடியுமுன் எடுத்தேன்.

"மெஷின் நின்னாலே உள்ள ஓடறேங்க. இன்னிக்குப் பூரா ஓட்டம். போய்ப் பாத்தா, ஊருக்கே கரண்ட் கட்டு."

"சிவப்பு விளக்கைப் பார்க்கக் கூடாதா?"

"பாத்துனு நிப்பாங்களா?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல், இழுத்து இழுத்து வந்தது: "ஓடட்டும்டா. பழகட்டும்."

அவள் போனை வைத்த பிறகும், அப்பாவின் அடுத்த மூச்சுக்குக் காத்திருப்பதுபோல, நான் காதிலிருந்து எடுக்கவில்லை. ரயில் வந்து நின்றது.