படவேட்டுச் சரிவில் புல் விதைத்தோம்

போன வாரம் பழைய பேன்ட் ஒன்றை வண்டி துடைக்கலாம் என்று கிழித்தபோது, கால் மடிப்பிலிருந்து ஏதோ விரலில் குத்தியது. பார்த்தால் ஊசிப்புல் விதை. எத்தனை முறை துவைத்தும் விடாமல் உட்கார்ந்திருக்கிறது. நான் எந்த வேலையிலும் இவ்வளவு நாள் நிலைத்ததில்லை.

ஆரணியில் பட்டுத்தறி வீட்டில் பிறந்துவிட்டு, நான் முதல் சம்பளம் வாங்கியது புல்லுக்கு. படவேட்டுக்கு மேலே, ஜவ்வாது மலைச்சரிவு ஒன்று கோடையில் எரிந்துபோனது. அப்புறம் அங்கே உண்ணிச்செடிதான் தழைத்தது. அதை ஆடு மோந்துகூடப் பார்க்காது. அதைப் பிடுங்கிவிட்டு, மலையின் பழைய புல்லையே விதைக்க ஒரு தொண்டு நிறுவனம் ஆள் எடுத்தது. "உனக்குப் புல்லைப் பத்தி என்ன தெரியும்?" என்றார்கள். "பச்சையா இருக்கும் சார்" என்றேன். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

எரியாத பக்கத்தில் கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல் விதைகளை உருவி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றிவந்து எங்கள் மாடியில் காயவைத்தேன். ஊசிப்புல் விதைக்கு முறுக்கிய நீள வால் உண்டு, பட்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். காற்றடித்தது. விதை ஜன்னல் வழியே இறங்கி, தறியில் ஓடிக்கொண்டிருந்த கல்யாணப் புடவையின் இழைகளில் போய் உட்கார்ந்தது. அம்மா இரண்டு நாள் தறியை நிறுத்தி ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"மலையில வெதைக்கப் போறேன்னுதானே சொன்ன? இங்கயே வெதச்சிட்டியேடா."

அந்தச் சரிவில் ஆடு மேய்த்தவர் கோவிந்தம்மா அக்கா. பதினெட்டு ஆடுகள். தீ வைத்தது யார் என்று ஊரில் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். அதில் அக்கா பேரும் இருந்தது. "என் ஆடு துன்ற எடத்த நானே கொளுத்துவனா?" என்று கேட்டார். ஆனாலும் ஊர் அந்தப் பேரை எடுக்கவில்லை. புல் வரும்வரை ஆட்டை ஏற்றக் கூடாது என்று அவரிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"ஒரே ஒரு மழைக்குத்தான்க்கா."

"ஒரு மழைன்னா சரி. ஆடுங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

முதல் வருஷம் விதையை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மலையில் எங்களைவிட ஒழுங்காக வேலை பார்த்தவை அவைதான். இரண்டாம் வருஷம் மண்ணும் சாணமும் சேர்த்து உருட்டிப் போட்டோம். எறும்பு தொடவில்லை, மழையும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் நான் போய், "இன்னும் ஒரு மழைக்கா" என்பேன். அக்கா தழை ஒடித்துவந்து, ஆடுகளைக் கொட்டகையிலேயே கட்டிப்போட்டிருந்தார். போகப்போகக் கொட்டகையில் இடம் அதிகமானது. கவனித்தேன். கேட்கவில்லை.

மூன்றாம் வருஷம் முளைத்தது. முழங்கால் உயரம். சரிவிலிருந்து நேரே அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, நாளைலேர்ந்து ஓட்டிக்கினு போலாம்!"

வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எத்த ஓட்டிக்கினு போவச் சொல்ற?"

கொட்டகையில் விறகு அடுக்கியிருந்தது.

"நல்லா வந்துக்குதா?" என்று கேட்டார்.

"வந்துக்குதுக்கா."

"அப்போ சரி" என்று மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இப்போது அந்தச் சரிவு காலண்டரில் போடுகிற அழகில் இருக்கிறது. மேய ஆடு எதுவும் இல்லாமல் புல் காய்ந்து நிற்பதால், மறுபடி தீப்பிடிக்கும் என்று பயந்து, கோடைக்கு முன்னால் அறுக்கக் கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள். போன மாசம் ஏறிப் பார்த்தேன். அடிவாரத்திலிருந்து உச்சிவரை, பாதையில் ஒரு ஆட்டுப் புழுக்கைகூடக் கிடையாது.