ஜெபத்தில் மிதிபட்ட மாமனார்

ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் அவருக்கு, வாசிக்கும்போது மட்டும்தான் ஆண்டவரோடு மனம்விட்டுப் பேச வரும். வீட்டில் கண்ணை மூடினால் வாய் அடைத்துக்கொள்ளும்; விரல்கள் மட்டும் மேசைமேல் கீர்த்தனையைத் தொடங்கிவிடும்.

"ஜெபம் பண்றீங்களா, தாளம் போடுறீங்களா?" என்று மனைவி கடிந்துகொள்வாள்.

அன்று விருந்துக்கு வந்திருந்த மாமனார் சாப்பாட்டுக்கு முன் ஜெபித்தார். ஆதாமில் ஆரம்பித்தால் அடுத்த தெரு வரைக்கும் போகிற ஆள். மனைவி முன்னெச்சரிக்கையாகக் கணவரின் இரு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். கைக்கு வழியில்லாமல் போகவே, ஆர்கன் பெடல் மிதித்துப் பழகிய கால் கிளம்பிவிட்டது. மேசைக்கடியில் அது மிதித்தது மாமனாரின் பாதத்தை.

நோவாவின் பேழைக்குள் மிருகங்களை ஏற்றிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு நிறுத்தினார். இன்னொரு மிதி விழுந்தது. "ஆமென்" என்று அவசரமாக முடித்தார்.

சாப்பாட்டில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"பசிச்சா வாயால சொல்லலாமே, மாப்பிள்ளை."

மாப்பிள்ளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சிடுங்க மாமா. நான் நிஜமாவே ஜெபம்தான் பண்ணிட்டிருந்தேன்."

தண்ணீர் வைக்கும் சாக்கில் மனைவி கணவரின் காதருகே குனிந்தாள். "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பா ஜெபிக்கிறப்பவும் இதே மாதிரி உருக்கமா ஜெபம் பண்ணுங்க."