வராத நாலு அடி

என் கணவர் தனசீலன் பூமியைத் துளைக்கும் வேலை பார்த்தார். கட்டடம் எழும்பும் முன் அந்த இடத்தில் குழாய் இறக்கி, உருளை உருளையாகக் கல்லை வெளியே எடுப்பார்கள். எந்த ஆழத்தில் எந்தக் கல் வந்ததோ, அந்த வரிசை மாறாமல் மரப்பெட்டியில் அடுக்குவது அவர் பொறுப்பு.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் நானும் இந்தப் பாறை அடுக்குகளைப் பற்றிப் படித்தேன். கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. ஒன்றை வெட்டிக்கொண்டு போவது வெட்டுப்பட்டதைவிட இளையது. பரீட்சை எழுதியதும் மறந்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற அவருக்கு அது கையிலேயே இருந்தது.

1963இல் பம்பாயில், டிராம்பே போகும் சாலையில் நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றுக்குத் துளை போட்டார்கள். முப்பத்தோரு அடி வரை ஒழுங்காக வந்த கல், அடுத்த நாலு அடிக்கு வரவே இல்லை. குழாய் வெறுமையாக ஏறி வந்தது. மறுநாள் என்ஜினீயர் பார்க்க வருகிறார். பக்கத்துக் குழிக் கல்லை வைத்துப் பெட்டியை நிரப்பச் சொன்னார் சூப்பர்வைசர் சந்திரமௌலி. வேலை தடையில்லாமல் முடிந்தால் என் கணவருக்குப் பம்பாயிலேயே வேலை. இல்லாவிட்டால் மலைப்பக்கம், அணைக்கட்டுக்கு.

சுனாபட்டியில் எங்கள் ஒற்றை அறையில் சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொன்னார். அப்போது கல்யாணமாகி ஒன்பது மாதம்.

"வச்சிருங்களேன். நாலு அடிக் கல்லுதானே, யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"காலேஜ் படிச்சவ பேசுத பேச்சாட்டி இது? கெட்டிக் கல்லு தானா வந்துரும். எளகுன கல்லுதான் தொளைக்கு விடுத தண்ணியில கரைஞ்சு போயிரும். வராத எடத்துலதான் வெசயமே இருக்கு."

"அப்போ என்னைய விட்டுட்டுப் போயிருவீங்க."

"மாசத்துக்கு ஒருக்கா வருவேம்லா. அந்த நாலு மாடியிலயும் ஆளுக படுத்து ஒறங்கணும். நீ கொழம்ப ஊத்து."

'கல் வரவில்லை' என்று எழுதி வைத்து, அந்த நாலு அடியையும் காலியாகவே விட்டார். என்ஜினீயர் இன்னும் மூன்று துளை போடச் சொன்னார். அடியில் சாம்பல்போல உதிரும் ஒரு படுகை இருந்தது. அஸ்திவாரத்தை அதற்கும் கீழே இறக்கினார்கள். வேலை இரண்டு மாதம் தள்ளிப்போனது. இவர் மலைக்குப் போனார்.

முதலில் மாதம் ஒருமுறை வந்தார். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. வந்தால் இரண்டு நாள். மலைமண் ஏறிய அவர் உடுப்பை அலசிய செந்தண்ணீரைக் கொட்ட மனம் வராமல் நின்றிருக்கிறேன். ஐந்தாம் வருடம் அவருக்கு மஞ்சள்காமாலை. தந்தி கிடைத்து நான் போய்ச் சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது.

மேலே இருப்பவர்கள் கீழே இருப்பதைப் பார்ப்பதில்லை. ஆனாலும் அதன்மேல்தான் நிற்கிறார்கள். அவர் செய்தது சரி. அதை எனக்கே சொல்லிக்கொள்ளும் நாளிலும், அந்தக் கல்லை வைத்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

நான் ஏறும் சாயங்கால பஸ் அந்தக் கட்டடத்தின் பக்கமாகப் போகிறது. மாடியில் துணி காய்கிறது. வேலை விட்டு வந்த ஆண்கள் படியேறுகிறார்கள். கதவு திறக்க ஒருத்தி வருகிறாள். பஸ் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.