அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

மாவட்ட அலுவலகத்தின் கூட்ட அறையில் அக்கா அன்று உட்கார்ந்திருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நாற்காலியின் நுனியில், முதுகு சாயாமல், இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தார். உள்ளங்கைகளில் செம்பனை முள் குத்திய தழும்புகள். ஏர்கோன் காற்று நேரே அவர்மேல் வீசியது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்ளக்கூட அவர் கையை எடுக்கவில்லை. எதிரே அதிகாரியும், அக்கா வேலை செய்த தோட்டத்தை வாங்கிய நிறுவனத்து ஆட்கள் இருவரும். பக்கத்தில் நான். அக்கா தமிழில் பேசுவார், நான் மலாயில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் என்னை அழைத்துப் போயிருந்தார்.

அக்கா என்று தோட்டத்தில் எல்லாரும்தான் கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. சிடாம் கிரி பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தில் அவருக்குக் குலையிலிருந்து சிதறிய செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. படிப்பு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றிருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தபோது ஆண்கள் கோயிலில் கூடிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அக்கா வீடு வீடாகப் போய், மாற்று வீடு கேட்டு எழுதிய மனுவில் பெண்களிடம் கையெழுத்து வாங்கினார். நான் அப்போது பல்கலைக்கழகம் முடித்து, சுங்கைப்பட்டாணியில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் சேர்ந்திருந்தேன். கையெழுத்துத் தாள்களோடு என் மேசைக்கு வந்தவர், “உன் மலாய் நல்லா இருக்கும்னாங்க தங்கச்சி. என்னோடது பசார் மலாய்லா. மீன் வாங்கத்தான் ஆகும்,” என்றார்.

கூட்டத்தில் அவர் சொன்னது ஒரே விஷயம். “வீடு கட்டி சாவிய கையில குடுக்கற வரைக்கும் ஒரு குடும்பமும் நகராது. தண்ணிய நிப்பாட்டினாலும் நகராது. அப்படியே சொல்லு.” நான் அப்படியே சொல்லவில்லை. வீடுகள் விரைவில் கிடைக்கும் என்று மக்கள் நம்புவதாகவும், ஒத்துழைக்கத் தயாராக இருப்பதாகவும் சொன்னேன். பயம் என்று பிறகு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. பயம் மட்டுமில்லை. அந்த மேசையில் இருந்தவர்கள் என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க வேண்டும் என்று விரும்பினேன். அதிகாரி சிரித்து, என் மலாய் அழகாக இருக்கிறது என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

திரும்பும் வழியில் காரில் டவுன் எல்லையைத் தாண்டியதும் அக்கா, “நான் சொன்னது ரெண்டு வரி. நீ சொன்னது ரொம்ப நீளமா இருந்துச்சே,” என்றார். மரியாதையாகச் சொன்னால்தான் கேட்பார்கள் என்றேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கூட்டக் குறிப்பில், குடியிருப்பாளர்கள் கட்டங்கட்டமாக வெளியேற ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தது. இரண்டு வாரத்தில் கடைசி லயத்துக்குத் தண்ணீர் நின்றது. அக்கா அந்தக் குறிப்பை என் மேசையில் வைத்து, அந்த வரியின்மேல் விரலை ஊன்றி, “இத யாரு சொன்னது?” என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. பிறகு தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் நடைபாதையில் நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. “ரூமா தாக் சியாப், காமி தாக் பிண்டா.” வீடு தயாராகவில்லை, நாங்கள் நகர மாட்டோம். யாரோ சிரித்தார்கள். அவர் மறுபடி அதையே சொன்னார். அந்தக் கூட்டம் முடியும்வரை எத்தனை முறை சொன்னார் என்று தெரியாது. வெளியே வந்தபோது குரல் கட்டியிருந்தது. என்னைப் பார்த்தார், தலையசைத்தார், பெண்களோடு வேனில் ஏறிப் போனார்.

மூன்று வருடம் இழுத்து, அடுக்குமாடி வீடுகள் வந்தன. கடைசி லயத்து மூன்று குடும்பங்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் அவர்கள் முன்பே உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். தாமாக வெளியேறியவர்கள் என்று எழுதி, பட்டியலில் பெயரை அடித்துவிட்டார்கள்.

பிறகு எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் கட்சி, நகராண்மைக் கழகத்துக்கு ஒரு தமிழ்ப் பெண்ணை நியமிக்க வேண்டும் என்றது. எல்லாரும் அக்காவைத்தான் நினைத்தார்கள். கட்சியின் வட்டாரத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, “அந்தம்மா போராட்டத்துக்கு சரி. சபைக்குப் பேசத் தெரிஞ்ச ஆளு வேணும்,” என்றார். நான் அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. நியமனத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் நகராண்மைக் கழக வாசலில் இருந்த பணியாளர், புகார் முகப்பு கீழ்மாடியில் என்று எனக்கு வழிகாட்டினார். உறுப்பினர் என்றதும் மன்னிப்புக் கேட்டார். உள்ளே ஒருவரும் அவமதிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் ஆண்கள் கூட்டமாகச் சாப்பிடப் போவார்கள், லிஃப்ட் நிரம்பிவிடும். நான் படியில் இறங்கி, தனியாகக் காரில் உட்கார்ந்திருப்பேன். அன்று என்ன பேசினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கிருந்த ஒரே ஆள் அக்காதான். அவரிடம் போக முகமில்லை.

நாலு மாதம் கழித்துப் போனேன். அக்காவின் புது வீடு ஐந்தாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்தவர், “வாங்க, கவுன்சிலர். உக்காருங்க,” என்றார். குரலில் கிண்டல் தேடினேன். இல்லை. மைலோ கலந்து கொடுத்தார். நான், “அந்த இடம் உங்களுக்கு வந்திருக்கணும்க்கா. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்,” என்றேன். “அதெல்லாம் முடிஞ்ச கததானே,” என்றவர் உள்ளே போய், மூன்று குடும்பங்களின் மனுவை எடுத்து வந்தார். “கொஞ்சம் பாத்து செஞ்சு குடுங்க.” சேவை மையத்தில் என் முன்னால் வந்து நின்றவர்கள் எல்லாரும் கேட்ட மாதிரியே கேட்டார்.

மனுவில் இருந்ததை ஒரு சொல் மாற்றாமல் சபையில் படித்தேன். கவனிக்கிறோம் என்றார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து படித்தேன். என் பெயரைக் கூப்பிட்டாலே சிலர் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைத்தது. மற்ற இரண்டு பெயர்களுக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீடு கிடைத்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். எந்த மாடி, எப்போது சாவி என்று எல்லாம் விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

“ரொம்ப நன்றிங்க,” என்றார்.

“அக்கா,” என்றேன். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.